படகு படித்த மஞ்சுளா

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரத்தில், ஓர் எழுத்துகூடத் தெரியாத பிள்ளைக்கு வாக்கியமே படிக்கத் தெரியும் என்று ஃபாரத்தில் டிக் போட்டேன். அதற்காக மாத மீட்டிங்கில் பாராட்டும் வாங்கினேன். எங்கள் டிரஸ்டில் இந்த வருடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகள், ஃபீல்டுக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிட்டுப் போனால் நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

1. பதினொரு படகு

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த நேரம். எங்கள் ஆபீஸ் திருப்போரூரில் ஓர் அரிசிக் கடைக்கு மேலே இரண்டு ரூம். ஆளுக்குப் பன்னிரண்டு வீடு. ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீடாகப் பார்த்து, வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம் போய் உட்கார வேண்டும். டியூஷன் எடுக்கக் கூடாது. வீட்டில் இருக்கிறவர்கள் பிள்ளைக்குப் படிக்கவும் எழுதவும் எப்படி உதவுவது என்று காட்டிவிட்டு வர வேண்டும். இதற்கு 'ஹோம் விசிட்' என்று பெயர்.

எனக்குக் கிடைத்தது மகாபலிபுரம் பக்கம் ஒரு மீனவர் குப்பம். நான் உள்நாட்டுக்காரன். என் அப்பா அம்மா நாற்று நட்டு, களை பறித்து, அறுப்பு அறுத்துப் பிழைத்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான்தான். அதனால் முதல் நாள் தோள்பையை மாட்டிக்கொண்டு மணலில் நடந்தபோது, எனக்கு நானே பெரிய வாத்தியாராகத் தெரிந்தேன்.

மூன்றாவது வீடு கஸ்தூரி அக்காவுடையது. மீன் கூடை சுமந்து விற்கிறவர். கணவர் தனசேகர் கடலுக்குப் போகிறவர். ஒரே மகள் மஞ்சுளா, இரண்டாம் வகுப்பு. நான் பையிலிருந்து லெவல் கார்டை எடுத்ததும் அந்தப் பெண் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டது. 'எழுத்து', 'சொல்', 'வாக்கியம்' என்று கார்டில் மூன்று பகுதி இருக்கும். எதைக் காட்டினாலும் வாயைத் திறக்கவில்லை.

அக்காவுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "வூட்ல இப்டிதான் வாத்தியாரே. வெளிய வா. படகு பேரெல்லாம் கடகடன்னு படிக்கும்" என்றார்.

கரையில் முப்பது ஃபைபர் படகுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு நிறம். மூக்குப் பக்கத்தில் பெயிண்டில் பெயர். மஞ்சுளா அங்கே வந்ததும் வேறு பிள்ளையாகிவிட்டது. ஒவ்வொரு படகாகக் கையை நீட்டி, "கங்கையம்மன் துணை. இது செல்லியம்மன். இது அண்ணன் தம்பி" என்று ஓடிக்கொண்டே படித்தது. பதினொரு படகு. பதினொன்றும் சரி.

எழுத்தின் மேல் விரல் வைக்கவில்லை, எங்கும் நிற்கவில்லை, ஓடிக்கொண்டே படித்தது. அதில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது. டிரெயினிங்கில், குழந்தையைச் சுற்றி இருக்கிற எழுத்திலிருந்து தொடங்குங்கள் என்று சொல்லியிருந்தார்கள். இதைவிட வேறென்ன வேண்டும் என்று, லெவல் கார்டைப் பைக்குள் போட்டுவிட்டு, 'வாக்கியம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். 'கங்கையம்மன் துணை' இரண்டு சொல் இல்லையா, அதனால் வாக்கியம்.

சூப்பர்வைசர் மேடம் மீட்டிங்கில் இதைச் சொல்லி மற்றவர்களையும் இப்படிச் செய்யச் சொன்னார். வாக்கியம் படிக்கிற பிள்ளை லிஸ்டில் இருக்கத் தேவையில்லை என்பது ரூல். மஞ்சுளாவின் இடத்தில் வேறொரு பையனைச் சேர்த்தோம். அக்கா, என் மகளை டிரஸ்டே பாஸ் பண்ணிவிட்டது என்று ரேஷன் கியூவில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

2. நீலப் பெயிண்ட்

நான்கைந்து மாதம் கழித்து ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். கயிறு அறுந்து படகு வேறு ஊர்க் கரையில் ஒதுங்கினால் எந்த ஊர்ப் படகு என்று உடனே தெரியவேண்டும். அதனால் ஊரில் இருக்கிற எல்லாப் படகுக்கும் ஒரே நீலம், ஒரே வெள்ளைக் கோடு. ஒரே பெயிண்டரை வைத்து எல்லாப் பெயரையும் ஒரே மாதிரி வெள்ளையில் எழுதிவிட்டார்கள்.

பொங்கல் முடிந்த வாரம் வேறொரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். படகுகளுக்கு நடுவில் மஞ்சுளா தனியாக நின்றுகொண்டிருந்தது. புதுப் பெயிண்ட் நன்றாயிருக்கிறதே, எங்கே ஒரு பெயர் படி பார்க்கலாம் என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"பேரு இல்ல சார்."

"இருக்கே. இதோ வெள்ளையா எழுதிகீதே."

"அது எழுத்து சார். பேரு பூடுச்சி."

எனக்குப் புரியவில்லை. மணலில் உட்கார்ந்து, முன்னே எப்படிப் படித்தாய் என்று கேட்டேன். அது பொறுமையாக எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பச்சையில் சிவப்புக் கோடு இருந்தால் செல்லியம்மன். மஞ்சளில் கண் வரைந்திருந்தால் கங்கையம்மன் துணை. மூக்கில் ஒட்டுப் போட்டிருந்தால் சுந்தரம் மாமாவின் படகு, 'அண்ணன் தம்பி'. முப்பது படகுக்கும் இப்படி ஓர் அடையாளம் வைத்திருந்தது.

"படிக்கிறதுன்னா அதானே சார்?" என்று கேட்டது.

அந்தப் பிள்ளை என்னை ஏமாற்றவில்லை. படிப்பது என்றால் இதுதான் என்று நம்பியிருந்தது. நானும் டிக் போட்டு, ஆமாம் இதுதான் என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். படத்தைப் பார்த்துப் பார்த்து முழுப் பாடத்தையும் மனப்பாடமாக ஒப்பித்தது. படத்தின் மேல் கையை வைத்ததும் நின்றுபோனது.

ஜூன் மாதம் மூன்றாம் வகுப்பு. அங்கே போர்டில் எழுதிப் போட்டுப் பார்த்து எழுதச் சொல்வார்கள். படிக்கத் தெரியாத பிள்ளைகள் படம் வரைவதுபோல எழுத்தை வரைந்துகொண்டு கடைசி வரிசைக்குப் போய்விடும். என் அக்கா அப்படித்தான் போனாள். அழகான கையெழுத்து. ஐந்தாம் வகுப்பில் நின்று நடவுக்கு வந்துவிட்டாள். மஞ்சுளா ஜூனுக்குள் படித்தாக வேண்டும் என்பது அந்த மணலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு முன் நான் இரண்டு பேரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்.

3. இரண்டு பேர்

கஸ்தூரி அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். மகளைத் திட்டவில்லை.

"அஞ்சி மாசமா எம் பொண்ணு படிக்கும்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறேன். டிக்கு போட்டது யாரு? நீதானே?"

ஆமாம் என்றேன்.

"எங்கிட்ட மீன் வாங்க வர்றவங்க செவுளத் தூக்கிக் காட்டுன்னுதான் கேக்கறாங்க. செவப்பா இருந்தா கூட தொட்டுப் பாத்துதான் துட்ட எடுக்கறாங்க. நீ எம் பொண்ண தூக்கிப் பாக்காமயே எடுத்துகினு பூட்டியே வாத்தியாரே."

தனசேகர் அண்ணன்தான் எனக்காகப் பேசினார். கடலில் தூரத்தில் வருகிற படகின் எழுத்து யார் கண்ணுக்குத் தெரியும், நிறத்தை வைத்துத்தான் இன்னார் படகு என்று சொல்லுகிறோம், பிள்ளையும் அப்படித்தானே பழகும் என்றார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றைக்குத் திருப்போரூர் பஸ்ஸில் வரும்போது என் அப்பா ஞாபகம் வந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒரு நாளும் தப்பான பஸ் ஏறியதில்லை. கண்ணாடிக்கு மேலே ரோஜாப்பூ ஒட்டியிருந்தால் செங்கல்பட்டு வண்டி. நான் மூன்றாவது படிக்கும்போது ஒரு நாள் அந்த பஸ் ரிப்பேராகி, அதற்குப் பதில் வேறு பஸ் வந்தது. செங்கல்பட்டு என்று போர்டு போட்டிருக்கிறதே அப்பா என்று சொன்னேன். "போட்டிருந்தா ஆச்சா? இது நம்ம வண்டி இல்லடா" என்று என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார். இரண்டு மணி நேரம் நின்றோம். படகு படிப்பது என்றால் என்ன என்று எனக்குத்தான் முதலில் புரிந்திருக்க வேண்டும். நான் அந்த வீட்டிலிருந்துதானே வந்தேன்.

அடுத்த மீட்டிங்கில் எழுந்து சொன்னேன். பாராட்டு வாங்கிய அதே ரூம், அதே ஆட்கள். மேடம் கேட்ட ஒரே கேள்வி, "லெவல் கார்டு எங்க இருந்துச்சு?" பையில் இருந்தது என்றேன். யாரோ சிரித்தார்கள்.

மஞ்சுளாவை மறுபடியும் லிஸ்டில் சேர்க்கக் கேட்டேன். முடியாது என்றார். பன்னிரண்டுக்கு மேல் ஒரு வீடு ஏறினால் பன்னிரண்டையும் சரியாகப் பார்க்க மாட்டீர்கள் என்றார். கடைசியில், வேலை நேரத்துக்கு வெளியே சனிக்கிழமை காலையில் ஒரு விசிட் மட்டும் போகலாம் என்று ஒத்துக்கொண்டார். மீதி ஆறு நாளும் அம்மா பார்த்துக்கொள்ள வேண்டும்.

"அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது மேடம்."

"படிக்கத் தெரிஞ்ச வீட்டுக்கு நீங்க எதுக்குப் போறீங்க?" என்றார்.

4. கட்டை விரல்

முதல் சனிக்கிழமை ட, ப, ம, ர என்று நான்கு எழுத்தோடு ஆரம்பித்தேன். அ, ஆவிலிருந்து தொடங்காமல் சுலபமாக எழுத வருகிற எழுத்திலிருந்து தொடங்குவது எங்கள் வழக்கம். அந்த எழுத்தை வைத்து படம், மரம், பட்டம் என்று சொல் அட்டை. ஒவ்வொரு அட்டையிலும் அழகாகப் படம் போட்டிருக்கும். அதை அக்காவிடம் கொடுத்து, தினமும் பத்து நிமிஷம் பிள்ளையைப் படிக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இது என்னுடைய இரண்டாவது தப்பு.

அடுத்த சனிக்கிழமை அக்கா அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது வேணாம் வாத்தியாரே. படத்த மூடினா புள்ளயும் வாய மூடிக்கிது."

கட்டை விரலைப் படத்தின் மேல் வைத்துக் காட்டினார். மறுபடியும் படகுக் கதைதான். நான் செய்திருக்க வேண்டிய டெஸ்டை, படிக்கத் தெரியாத அவர் முதல் நாளே செய்து முடித்திருந்தார். ஒரு கத்தரிக்கோல் வாங்கி எல்லா அட்டையிலும் படத்தை வெட்டி எறிந்தோம்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததில் பாதி என் யோசனை இல்லை. கருவாடு மடிக்கிற பழைய பேப்பரை விரித்து, "இந்த மூடி இல்லாத பொட்டி மாரியே இன்னொண்ணு காட்டு" என்பார் அக்கா. மூடி இல்லாத பெட்டி என்றால் ப. மஞ்சுளா தேடிக் காட்டும். அக்கா அட்டையையும் பேப்பரையும் பக்கத்தில் வைத்து வளைவு வளைவாகப் பார்ப்பார். ஒரு மீனுக்கும் இன்னொரு மீனுக்கும் செதிளில் வித்தியாசம் பார்க்கிற கண் அது. ப-வுக்கும் ய-வுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகுமா? எழுத்தின் பெயர் தெரியாமலே அது சரியா தப்பா என்று சொல்லிவிடுவார்.

காலையில் படகு வருகிற வரைக்கும் கரையில் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஈர மணலில் விரலால் எழுத்து. சிலேட்டைவிட இது நல்லது என்று நான் இன்றைக்கும் சொல்லுவேன். பெரிதாக எழுதும்போது தோளிலிருந்து கை முழுசும் திரும்புகிறது. எழுத்தின் வளைவு சீக்கிரம் பழகிவிடுகிறது.

ஒரு நாள் மஞ்சுளா 'மரம்' படிக்கும்போது அக்கா நடுவில் தட்டி நிறுத்தினார். எனக்கு அது சரியாகப் படித்ததாகத்தான் தோன்றியது. என்னக்கா என்று கேட்டேன்.

"விரலும் வாயும் ஒண்ணா போவணும். விரலு மொத எழுத்துல நிக்கறப்பவே வாய் கடைசி எழுத்துக்குப் பூட்டுச்சின்னா அது திருட்டு. எனக்குப் படிக்கத் தெரியாது, திருட்டு தெரியும்" என்றார்.

மஞ்சுளா, "தோ பாரு, இதுக்கு எல்லாம் தெரியும்" என்று அம்மாவைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டது. ஆனால் விரலை எடுத்து முதல் எழுத்தில் வைத்தது.

ஒன்று சொல்ல வேண்டும். மே மாதம் வரைக்கும் எனக்குப் பயம்தான். எழுத்து வருகிறது, சேர்த்துப் படித்தால் சொல்லும் வருகிறது. ஆனாலும் அந்தப் பிள்ளையின் ஞாபகம் பொல்லாத ஞாபகம். ஒரு வாரம் பார்த்த சொல் எல்லாம் மண்டைக்குள் உட்கார்ந்துவிடும். முப்பது படகை வைத்திருந்த மண்டையில் முப்பது சொல் நிற்காதா? அது படிக்கிறதா, இல்லை மறுபடியும் அடையாளம்தான் சொல்கிறதா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இன்னொரு முறை தப்பாக டிக் போட எனக்குத் தைரியம் இல்லை.

5. யார் படகு

மே மாதம் ஒரு சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு நான் போனபோது கரையில் கூட்டம். ராத்திரி காற்றில் எங்கிருந்தோ கயிறு அறுந்த ஒரு படகு வந்து ஒதுங்கியிருந்தது. உள்ளே ஆளும் இல்லை, வலையும் இல்லை. எஞ்சினையும் முன்பே கழற்றி வைத்திருந்தார்கள், அதனால் ஆபத்து ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் யார் படகு என்று தெரியவில்லை. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை. பக்கத்து ஊர்களில் அப்படி ஒரு படகை யாரும் பார்த்ததில்லை. படித்த பையன்கள் எல்லாம் கடலுக்குப் போயிருந்தார்கள்.

சுந்தரம் மாமா என்னைப் பார்த்துவிட்டார். "வாத்தியாரு வந்துட்டாரு. இன்னா எழுதிகீதுன்னு படி தம்பி, ஆள அனுப்பணும்."

நான் வாயைத் திறந்தேன். கஸ்தூரி அக்கா கூடையோடு நடுவில் வந்து நின்றார்.

"நீ சும்மா இரு வாத்தியாரே" என்றவர், "மஞ்சு, இங்க வா. இன்னா எழுதிகீது?" என்றார்.

இது என்ன பேஜார், அவசரத்துக்கு நிற்கிறோம், இப்போது போய்ப் பிள்ளை விளையாட்டா என்று சுந்தரம் மாமா முணுமுணுத்தார். அக்கா அசையவில்லை. மஞ்சுளா படகின் மூக்குக்கிட்ட போய் நின்றது. முதலில் படகையே சுற்றிப் பார்த்தது. நிறத்தை, பட்டையை, மூக்கை. மறுபடியும் அடையாளம்தான் தேடுகிறதோ என்று நினைத்தேன். அப்புறம் கையைத் தூக்கி முதல் எழுத்தின் மேல் விரலை வைத்தது.

"ச."

விரல் நகர்ந்தது.

"கா... ய... மா... தா."

திரும்பி அம்மாவைப் பார்த்தது. அம்மா விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டியதும் மறுபடி முதலிலிருந்து சேர்த்துப் படித்தது. "சகாயமாதா." பிறகு என்னிடம், "சகாயமாதான்னா யாரு சார்?" என்று கேட்டது.

அந்தக் குப்பத்தில் பெரும்பாலும் அம்மன் பெயர்தான், மாதா பெயரில் ஒரு படகுகூட இல்லை. இந்தப் பெயரை அது காதால் கேட்டதே இல்லை. கேட்காத பெயரை ஞாபகத்தில் வைத்திருக்க முடியாது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

கீழே சின்னதாக இன்னொரு வரி இருந்தது. அதையும் படி என்றார் அக்கா. விரலை வைத்தது. நின்றது. கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. சுந்தரம் மாமா ஏதோ சொல்ல வந்து, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இது எனக்குத் தெரியாது சார்" என்று முதல் எழுத்தைக் காட்டியது மஞ்சுளா. "மீதி தெரியும். வ... ள... ம்."

"கோவளம்!" என்றார் சுந்தரம் மாமா. "அட, கோவளத்துக்காரன் படகா? அங்க மாதா கோயிலு கீது, அதான் இந்தப் பேரு." கடையில் இருக்கிற போனிலிருந்து சொல்லி அனுப்ப ஓர் ஆள் ஓடினார். போகும்போது மாமா மஞ்சுளாவின் தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார்.

கோ என்ற எழுத்தை நான் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை. பதினொரு படகை ஓடிக்கொண்டே படித்த அன்றைக்கு அந்தப் பிள்ளை ஒரு இடத்தில்கூடத் தெரியாது என்று சொல்லவில்லை. பாடத்தை ஒப்பித்தபோதும் சொல்லவில்லை. மனப்பாடமாக வைத்திருக்கிற பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கும், இல்லாவிட்டால் ஒன்றுமே தெரியாது. படிக்கிற பிள்ளைதான் நடுவில் நின்று, இந்த எழுத்து தெரியாது, மீதி தெரியும் என்று சொல்லும். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். வீட்டுக்குப் போனால் எத்தனை சரியாகப் படித்தது என்று எண்ணாதீர்கள். எங்கே விரல் நிற்கிறது என்று பாருங்கள். அதை அம்மா அப்பாவுக்கும் சொல்லுங்கள். அதற்கு அவர்களுக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆரஞ்சுப் படகின் மேலேயே உட்கார்ந்து, லெவல் கார்டை எடுத்துக் காட்டி, முறைப்படி டெஸ்ட் வைத்து ஃபாரத்தைப் பூர்த்தி செய்தேன். 'வாக்கியம்' கட்டத்தை விட்டுவிட்டு, 'சொல்' கட்டத்தில் டிக் போட்டேன். கீழே குறிப்பு எழுதுகிற இடத்தில் ஒரு வரி எழுதினேன்.

அக்கா எட்டிப் பார்த்தார். "எம் பொண்ணப் பத்தி இன்னா எழுதிகீற? படி."

படித்தேன். 'தெரியாத எழுத்தைத் தெரியாது என்று சொல்கிறாள்.'

"அப்டி இல்ல" என்றார் அக்கா. "விரல வெச்சிப் படி."

முதல் எழுத்தில் விரலை வைத்து மெதுவாக மறுபடியும் படித்தேன். அக்கா என் விரலையும் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி எழுத்து முடிந்ததும், சரி என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.